பல்லுக்கு வழி தெரியுமா?

காட்டுப்பாக்கத்துக்குக் குடி வந்ததிலிருந்து எனக்கு எல்லாமே லேட். பஸ் லேட், இன்க்ரிமென்ட் லேட். பையனுக்குப் பல்லு கூடவா சார் லேட்டாக வரணும்?

ஏழு வயசு. மேல் வரிசையில் ஒரு முன்பல் முளைத்து எட்டு மாசம் ஆச்சு. பக்கத்துப் பல்லைக் காணோம்! விழுந்த பால் பல்லைச் சாணியில் உருட்டிக் கூரை மேல் போடச் சொல்லியிருந்தாள் அம்மா. ஃபிளாட்டில் கூரைக்கு எங்கே போவது? தண்ணி டேங்க் மேலே எறிந்தோம்.

"அதான் வரலை. டேங்க் மேல எறிஞ்சா பல்லுக்கு வழி எப்படிடா தெரியும்?" என்றாள்.

வழி காட்டுவது யார்? புத்தகத்தைப் புரட்டினேன். தாடை எலும்புக்குள் ஒவ்வொரு பல்லும் ஒரு சின்னப் பைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பையில் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. அதாவது இன்னும் எந்த செக்‌ஷன் என்று முடிவாகாத டிரெய்னிகள்! பிற்பாடு சிலது எலும்பு கட்டும், சிலது வேரைப் பிடிக்கும் நாராகும். பல்லுக்கு மேலே இருக்கும் எலும்பைக் கரைக்க ஆள் அனுப்புவதும் இந்தப் பைதான். கீழே எலும்பு வளர, பல் மேலே ஏறுகிறது.

1980-களில் மார்க்ஸ், காஹில் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் நாய்களிடம் ஒரு வேலை செய்தார்கள். பல்லை எடுத்துவிட்டுப் பைக்குள் உலோகத்தில் செய்த பல்லை வைத்தார்கள். அதுவும் முளைத்து வெளியே வந்தது! பையை எடுத்தபோதோ, நிஜப் பல்லே வரவில்லை. பல் வெறும் பாசஞ்சர். பைதான் டிரைவர்.

பல் உண்டாக்கும் செல்களுக்கு 'போதும், நிறுத்து' என்பது கேட்காமல் போனால்? நம்ம வேலப்பன்சாவடி சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் 2019-ல் பார்த்தார்களே! கீழ்த்தாடை வீங்கி வந்த ஏழு வயதுப் பையனுக்கு ஆபரேஷன். எடுத்த கட்டிக்குள் 526 குட்டிப் பற்கள்! 'ஒடோன்டோமா' என்று பெயர். கேன்சர் இல்லை. பையன் 21 பல்லோடு நலமாக வீடு திரும்பினான்.

இந்த மாதிரிக் கட்டிகள் பல சமயம் 'பல் வரலையே' என்று எக்ஸ்ரே எடுக்கும்போதுதான் அகப்படுமாம். அதே ஏழு வயசு! அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் லீவ் சொல்லிவிட்டு டாக்டரிடம் ஓடினேன்.

எக்ஸ்ரேயில் கட்டி இல்லை. ஆனால் ஒரே ஒரு எக்ஸ்ட்ரா குட்டிப் பல், நந்தி மாதிரி குறுக்கே நின்றது. "இதை எடுத்துட்டா அது தானா இறங்க வாய்ப்பிருக்கு. ஒரு முன்பல் வந்து ஆறு மாசத்துக்குள்ள ஜோடிப் பல் வரலைன்னா உடனே காட்டணும் சார். லேட் பண்ணினா கோணலா மாட்டிக்கும்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து விளக்கினேன். அம்மா அசரவில்லை.

"வழி அடைச்சிருக்கா? அதைத்தானேடா நான் அன்னிக்கே சொன்னேன்!"