வளர்ச்சிக் கோடு கூறுவது என்ன?

விக்டோரியா மாநிலத்தில் குழந்தை பிறந்ததும், மருத்துவமனை அச்செய்தியைக் குடும்பம் வாழும் பகுதியின் நகரசபைக்கு அறிவிக்கின்றது. அதன்பின் தாய்சேய் நலத் தாதி குடும்பத்தினருடன் தொடர்புகொண்டு, முதற் சந்திப்பை வீட்டிலேயே நடத்துவார். தொடர்ந்து 2, 4, 8 வாரங்களிலும், 4, 8, 12, 18 மாதங்களிலும், 2 வயதிலும், மூன்றரை வயதிலும் சந்திப்புகள் நடைபெறும். இந்த 10 சந்திப்புகளுக்கும் கட்டணம் இல்லை.

கருவில் வளரும்போது

கர்ப்பத்தின் ஏறத்தாழ 24ஆம் வாரத்திலிருந்து மருத்துவமாது அளவுநாடாவினால் வயிற்றின் உயரத்தை அளப்பார். 28ஆம் வாரத்தில் அது ஏறக்குறைய 28 செ.மீ. இருக்கும். ஒரு நாளின் அளவைவிட, அது சீராகக் கூடி வருகின்றதா என்பதே முக்கியம். குழந்தையின் அசைவு குறைந்தாலோ வழக்கத்திலிருந்து மாறினாலோ அடுத்த சந்திப்பு வரை காத்திருத்தல் ஆகாது. நள்ளிரவானாலும் உடனே மகப்பேற்று மருத்துவமனையை அழைக்க வேண்டும்.

பிறந்த பின்னர்

குழந்தையின் எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகியவை பச்சைப் புத்தகத்தில் உள்ள வரைபடத்தில் குறிக்கப்படும். அங்குள்ள 25 என்ற கோடு தேர்வு மதிப்பெண் அன்று. ஒரே வயதும் பாலும் உடைய 100 குழந்தைகளுள் 25 பேர் அதற்குக் கீழே இருப்பர் என்பதே அதன் பொருள். தொடக்கம் முதல் 10ஆம் கோட்டை ஒட்டியே வளரும் குழந்தை நலமாக இருக்கலாம். 75இல் இருந்து 25க்கு இறங்கிய குழந்தையோ, பார்வைக்குக் கொழுகொழுவென்று இருந்தாலும், கவனிக்கப்பட வேண்டியது. ஓரிரு சந்திப்புகளைத் தவறவிட்டால் இத்தகைய இறக்கம் தெரியாமற் போகும்.

பிறந்த சில நாள்களில் எடை சற்றுக் குறைவது இயல்பு. பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வாரங்களுக்குள் பிறப்பு எடையை மீண்டும் அடைகின்றன. குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் வயது, பிரசவத்திற்குக் குறிக்கப்பட்ட நாளிலிருந்து கணக்கிடப்படும்.

“பிள்ளை மெலிந்துவிட்டது” என்று உறவினர் அக்கறையுடன் கூறுவதுண்டு. அதற்காக ஏறத்தாழ 6 மாதத்திற்கு முன் தண்ணீரோ கஞ்சியோ கொடுக்கத் தொடங்குதல் வேண்டா. முதலில் தாதியிடம் வரைபடத்தைக் காட்டிக் கேட்பதே நன்று. “நம்மவர் உடல்வாகே சிறியது” என்று எடை இறக்கத்தைப் பொருட்படுத்தாமல் விடுவதும் தவறு. 2006இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட இவ்வளவீடுகள் இந்தியா உட்பட 6 நாடுகளின் குழந்தைகளைக் கொண்டு வகுக்கப்பட்டவை.

தமிழில் பேசுவதற்கு

சந்திப்புக்கு முன்பே கேட்டுக்கொண்டால் தமிழ் உரைபெயர்ப்பாளர் இலவசமாக ஏற்பாடு செய்யப்படுவார். தாயின் உறக்கம், மனச்சோர்வு, வீட்டுப் பாதுகாப்பு ஆகியவை பற்றியும் தாதி கேட்பார் என்பதால், உறவினரை உரைபெயர்க்கச் சொல்லாதிருப்பது நன்று.

தாய்சேய் நலத் தொலைபேசிச் சேவை 24 மணிநேரமும் இயங்கும்: 13 22 29. உரைபெயர்ப்புச் சேவை: 131 450. அவசர உதவி: 000.