கொட்டியது ஒரு நொடி, துடைப்பது ஒரு தலைமுறை

அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு வடக்கே இருக்கிறது வூபர்ன். ஒரு காலத்தில் தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்போன ஊர். மக்களின் குடிநீருக்காக 1964-லும் 1967-லும் ஆற்றோரத்தில் ‘ஜி’, ‘எச்’ என்று இரண்டு கிணறுகள் தோண்டினார்கள். தண்ணீர் நாறுகிறது என்று மக்கள் புகார் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். குழந்தைகளுக்கு அடுத்தடுத்து ரத்தப் புற்றுநோய் வந்தது. 1979-ல்தான் உண்மை வெளிவந்தது. லிட்டருக்கு 267 மைக்ரோகிராம் டிரைகுளோரோஎத்திலீன்! இன்று அங்கே அனுமதிக்கப்படும் அளவு வெறும் 5. இரண்டு கிணறுகளையும் மூடினார்கள்.

டிரைகுளோரோஎத்திலீன், உலோகப் பாகங்களில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும் திரவக் கரைப்பான். காற்றுப் பட்டால் ஆவியாகிவிடும். ஆனால் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. மண்ணில் கொட்டினால், பெட்ரோல் போல நிலத்தடி நீரின் மேல் மிதக்காமல் அடியாழத்துக்கு இறங்கி, களிமண்ணிலும் பாறை இடுக்குகளிலும் பதுங்கிக்கொள்ளும். ஒரு லிட்டர் திரவம் முழுதாகக் கரைந்தால், 29 கோடி லிட்டர் தண்ணீர் அந்த 5 மைக்ரோகிராம் வரம்பைத் தொட்டுவிடும்.

சுத்தம் செய்யும் வழி எளிமையானதுதான். உயரமான கோபுரத்துக்குள் சிறு சிறு பிளாஸ்டிக் துண்டுகளை நிரப்புகிறார்கள். உறிஞ்சியெடுத்த தண்ணீர் மேலிருந்து அவற்றின் மீது மெல்லிய படலமாக வழிகிறது. கீழிருந்து ஊதும் இயந்திரம் காற்றைச் செலுத்துகிறது. ரசாயனம் தண்ணீரைவிட்டுக் காற்றுக்குத் தாவுகிறது. அந்தக் காற்றை அப்படியே வெளியே விட்டால், விஷம் இடம் மாறியது மட்டுமே மிச்சம். அதனால் கரி வடிகட்டி வழியாக அனுப்பிப் பிடிக்கிறார்கள். நிலத்துக்கு உள்ளேயே காற்றைச் செலுத்தி, மேலெழும் ஆவியை உறிஞ்சும் முறையும் உண்டு.

பிரச்சினை கோபுரத்தில் இல்லை, பூமிக்குள் இருக்கிறது. பாறை இடுக்கில் தங்கிய திரவம் சொட்டுச் சொட்டாகக் கரைந்துகொண்டே இருப்பதால், பம்பை நிறுத்தினால் அளவு மறுபடி ஏறுகிறது. வூபர்னில் 1992-ல் தொடங்கிய சுத்திகரிப்பு, பல பத்தாண்டுகளாக நீண்டது.

தொழிற்கூடம் நடத்துகிறவர்களே, பயன்படுத்திய கரைப்பானை மூடிய பீப்பாயில் சேர்த்து, உரிய இடத்தில் ஒப்படையுங்கள். தொழிற்பேட்டைக்கு அருகே கிணறு வைத்திருப்பவர்களே, தண்ணீரில் ரசாயன வாடை அடித்தால் காய்ச்சிக் குடிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். அந்த ஆவி உங்கள் சமையலறைக்குள்தான் பரவும். ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். கெட்ட நிலத்தடி நீரை மீட்பதைவிட, கெடாமல் காப்பது பல மடங்கு மலிவு.