தனிமரம் தோப்பாகுமோ?

பொறுப்பும் அதிகாரமும் ஒருவரிடத்தே ஒருங்கு பொருந்துதல் அரிது. அதிகாரம் உடையார் பலர் பொறுப்பினைப் பிறர் தலையிற் சுமத்துவர். பொறுப்பினைச் சுமந்தார் பலர் அதிகாரமின்றி அல்லலுறுவர். இவ்விரண்டாம் வகையினருக்கு இக்காலத்தில் எடுத்துக்காட்டு வேண்டுமாயின், ஐக்கிய அமெரிக்காவின் பல்கலைக்கழகங்களிற் கடமையாற்றும் ஒருசாராரைக் காட்டலாம். அவரை ஆங்கிலத்தில் 'டைவேர்சிற்றி ஒவிசர்' என வழங்குவர். பன்மை பேணும் அலுவலர் என்று நாம் தமிழிற் சொல்லிக்கொள்வோம். நிறத்தாலும் இனத்தாலும் பாலாலும் உடல்நிலையாலும் வேறுபட்ட மாணாக்கரும் ஆசிரியரும் ஒதுக்கப்படாது ஒரு கழகத்துள் கற்கவும் கற்பிக்கவும் வழிசெய்தல் இவர்தம் பணி. இவர்கள் ஒருவர்க்கொருவர் எவ்வாறு துணையாயினர், தலைமைக்குரிய பயிற்சியை எவ்வாறு தேடிக்கொண்டனர், இன்று அவர்க்கு நேர்ந்துள்ள இடர் யாது என்பவற்றை ஈண்டு நோக்குவாம்.

பணி பிறந்த வரலாறு

1962 ஆம் ஆண்டிலே மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் யேம்சு மெரடித்து என்னுங் கறுப்பின மாணவரைச் சேர்த்தல் வேண்டுமென நீதிமன்றம் ஆணை பிறப்பித்தது. அவ்வொருவரை உள்ளே புகவிடுதற்கு மத்திய அரசின் காவலரும் படைவீரரும் செல்லவேண்டியதாயிற்று. அங்கெழுந்த கலகத்தில் இருவர் மாண்டனர். ஒரு மாணாக்கன் ஏடெடுத்துப் படிக்கப் புகுதற்கு இத்துணை விலை கொடுத்த நாடு அது.

1964 இல் நிறைவேறிய குடிசார் உரிமைச் சட்டம், மத்திய அரசின் பொருளுதவி பெறும் நிலையம் எதுவும் இனம், நிறம், பிறந்த நாடு என்பன பற்றி எவரையும் விலக்குதல் ஆகாதென விதித்தது. அரசோடு ஒப்பந்தஞ் செய்யும் நிலையங்கள் வேலைக்கு ஆளெடுக்கும்போது ஒதுக்கப்பட்டோர்க்கும் வாயில் திறத்தல் வேண்டுமெனச் சனாதிபதி யோன்சன் 1965 இல் ஆணையிட்டார். பால்வேறுபாடு பற்றிக் கல்வியில் விலக்குதலை 1972 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. விதி எழுதப்பட்டால் மட்டும் போதுமோ? அது கைக்கொள்ளப்படுகின்றதா எனப் பார்த்தற்கு ஒருவர் வேண்டுமன்றோ? அங்ஙனம் அமர்த்தப்பட்டோரே இவ்வலுவலர்க்கு முன்னோர். 'பன்மை' என்னுஞ் சொல்லுக்குச் சட்டவலிமை வந்ததோ 1978 இல், பாக்கி என்பார் தொடுத்த வழக்கிலாகும். இனவாரியாக இடம் ஒதுக்குதல் தகாது, ஆயின் மாணவர் கூட்டத்திற் பன்மையை நாடுதல் தகும் என்னுங் கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்றது.

தனிமையும் துணையும்

இவ்வலுவலரின் இடர் யாதெனின், கைக்கு எட்டுவன யாவும் பிறர் கையில் இருத்தலே. ஆசிரியரைத் தெரிதல் துறைகளின் உரிமை, மாணவரைச் சேர்த்தல் வேறோர் அலுவலகத்தின் வேலை, பொருளோ பொருளாளரிடத்தது. இவர் செய்யக்கூடியது எல்லாரையும் இணங்குவித்தலே. மாணவர் இவரை நிருவாகத்தின் ஆள் என்பர். நிருவாகத்தினர் இவரை மாணவர் பக்கத்தவர் என்பர். மத்தளத்திற்கு இருபுறமும் இடி என்பது இவர்க்கே தகும்.

அன்றியும், ஒருவர் கண்ணீரோடு வந்து சொன்ன முறைப்பாட்டினை இவர் அயலிருக்கையில் இருப்பவரிடமும் வெளியிடல் இயலாது. ஒரு கழகத்திற்கு இத்தகைய தலைமை அலுவலர் பெரும்பாலும் ஒருவரே. எனவே இவர்க்கு வாய்க்கக்கூடிய ஒத்த துணை தம் மதிலுக்கு அப்பாலேதான் உளது.

அத்துணையினை இவர்கள் காலந்தோறும் தேடிக்கொண்டனர். 1974 இல் முன்னோர் ஒரு சங்கம் அமைத்தனர். 1988 இல் ஒக்கிலகோமாப் பல்கலைக்கழகத்தார் இனவுறவு பற்றிய ஆண்டு மாநாடொன்றைத் தொடக்கினர். 2006 இல் உயர்கல்விப் பன்மை அலுவலர் தேசிய சங்கம் தோன்றியது. 2008 முதல் அதன் சார்பில் ஆராய்ச்சி ஏடொன்று வெளிவரலாயிற்று. 2014 இல் அச்சங்கம் இத்தொழிலுக்குரிய நியமங்கள் 12 இனை வகுத்தது. 2020 இல் அவற்றைத் திருத்தி விரித்தது.

நியமங்கள் காகிதத்திற் கிடப்பன அல்லவோ என வாசகர் வினவலாம். அவை இன்றேல் ஓரலுவலர் தம் தலைவரின் மனப்போக்கினாலேயே அளக்கப்படுவார். இன்று விழாவொன்றை நடத்துக என்பர். நாளை பத்திரிகைக்கு மறுப்பு எழுதுக என்பர். ஆட்சேர்ப்பில் நிகழும் அநீதியை ஆராயப் புகுந்தாலோ அது உம் வேலையன்று என்பர். இன்னது என் கடமை, இன்னது அன்று எனச் சொல்லுதற்குப் புதிதாய் வந்தவர்க்கு ஒரு பிடிமானம் வேண்டும். அதனைத் தனியொருவர் ஆக்கிக்கொள்ளல் அரிது; ஒத்த தொழிலார் கூடியே ஆக்குதல் இயலும்.

தலைமை பயிலல்

துணை ஒன்று, தலைமை வேறொன்று. ஆறுதல் மட்டும் அளிக்கும் கூட்டம் அழுது கலைந்துவிடும். அதிகாரம் இல்லாதவர்க்கு அறிவே படைக்கலம் ஆதலின், வரவுசெலவுத் திட்டத்தைப் படிக்கவும், சட்டத்தின் எல்லையை அறியவும், எண்களை ஆராயவும் இவர் பயிலுதல் வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தனர் என்பதைக் கண்டு மகிழ்ந்தால் போதாது. அவருள் எத்தனை பேர் பட்டம் பெற்று வெளியேறினர் என்பதையும், இடையில் நின்றார் எதனால் நின்றார் என்பதையும் காணல் வேண்டும். அவ்விரண்டாம் எண்ணிலேதான் உண்மை உறைகின்றது.

இவ்வகைப் பயிற்சிக்கு அந்நாட்டில் முன்மாதிரி உண்டு. அமெரிக்கக் கல்விப் பேரவை 1965 இல் ஒரு திட்டந் தொடக்கியது. பல்கலைக்கழகப் பணியாளர் ஒருவர் வேறொரு கழகத்திற்குச் சென்று, அதன் தலைவர் எவ்வாறு முடிவெடுக்கின்றார், எவ்வாறு எதிர்ப்பைத் தாங்குகின்றார் என்பதை அருகிருந்து கண்டு பயில்வார். நம் முன்னோர் இதனைக் குருகுலவாசம் என்றனர். ஏட்டிற் படிக்க ஒண்ணாத நிதானத்தை மூத்தோர் பக்கத்திலிருந்தே கற்றல் வேண்டும். வள்ளுவரும் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்னும் அதிகாரத்தை அரசனுக்குரிய இயலிலே வைத்தார். முடிசூடியவனுக்கே துணை வேண்டுமெனின், முடியில்லாதவனுக்குச் சொல்லவும் வேண்டுமோ?

கோடரி விழுந்த காலம்

இம்மரம் வேரூன்றிய வேளையிற் கோடரி விழுந்தது. மாணவரைச் சேர்க்கும்போது இனத்தைக் கருதுதலை 2023 யூன் மாதத்தில் உயர்நீதிமன்றம் விலக்கிற்று. அவ்வாண்டிலேயே தெக்சாசு மாநிலம், அரசாங்கப் பல்கலைக்கழகங்களிற் பன்மை அலுவலகங்கள் இருத்தலாகாதெனச் சட்டமியற்றியது. 2024 சனவரி முதலாந் தேதி அது நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஏப்பிரலில் ஒசுற்றினிலுள்ள தெக்சாசுப் பல்கலைக்கழகம் ஒரு பிரிவினையே மூடிப் பலரை வேலையினின்று நீக்கியது. 2025 சனவரியிற் சனாதிபதி திறம்பு யோன்சனின் 1965 ஆம் ஆண்டு ஆணையை நீக்கினார்; பன்மைத் திட்டங்களுக்கு எதிராகவும் ஆணைகள் பிறப்பித்தார். மேலே கூறிய தேசிய சங்கம் வேறு சிலரோடு கூடி வழக்குத் தொடுத்தது. பெப்புருவரியில் ஒரு நீதிமன்றம் அவ்வாணைகளின் சில பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. மார்ச்சில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தடையை நிறுத்திவைத்தது. அதே மார்ச்சில், இத்துறையில் முன்னணியில் நின்ற மிச்சிக்கன் பல்கலைக்கழகம் தன் அலுவலகத்தை மூடுவதாக அறிவித்தது.

எதிர்ப்போர் யாவரையும் தீயோர் எனல் நடுநிலையாகாது. ஆசிரியப் பணிக்கு விண்ணப்பிப்போர் பன்மை பற்றித் தம் கொள்கையை எழுதித் தரவேண்டும் என்ற வழக்கம் மனச்சான்றினை அளப்பதாகும் என நல்லோர் சிலரும் வருந்தினர். மசச்சூசெற்சுத் தொழினுட்ப நிலையம் எச்சட்டமும் வற்புறுத்தாதிருக்கவே 2024 இல் அவ்வழக்கத்தைக் கைவிட்டது. பன்மையைப் பேண வந்தவர் கருத்தின் பன்மையையும் பேணல் வேண்டுமென்பது நியாயமே.

இங்கேதான் துணை என்னுஞ் சொல்லின் முழுப்பொருள் விளங்கும். ஒருவரை ஒருவர் புகழ்ந்து தேற்றும் கூட்டம் துணையன்று. நண்பா, இவ்விடத்தில் நீ வழி தவறுகின்றாய் என்று இடித்துரைப்பவனே துணைவன். ஒரே தொழிலார் கூடும் சங்கங்களுக்கு இயல்பாக நேரும் குறை, வெளியார் குரல் செவியில் ஏறாமை. அக்குறையை அகத்திருந்தே திருத்துவோர் எத்துணைப் பேர் உளரோ, அத்துணை வலிமையே அச்சங்கத்திற்கு உண்டு.

பலகையைக் கழற்றி வைத்தனர், பதவிப்பெயரை அழித்தனர். ஆயினும், தன் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகுந்த பிள்ளை, யாரைக் கேட்பதென்று அறியாது நிற்கும் நிலை அழிந்துவிடவில்லை. பெயர் நீங்கிய பின்னும் அப்பிள்ளைக்கு வழிகாட்டுவோர் சிலர் வகுப்பறையிலும் நூலகத்திலும் இருப்பர். அவர்க்குச் சம்பளப் பட்டியலிற் புதுப்பெயர் வேண்டியதில்லை. தொலைவிலுள்ள ஒரு தோழர், 'எனக்கும் இது நேர்ந்தது. நான் இவ்வாறு செய்தேன்' என்று சொல்லக் கேட்டல் வேண்டும். மரங்கள் வெட்டுண்டாலும் வேர்கள் மண்ணுக்குள் ஒன்றையொன்று பற்றியிருப்பின், மழைக்காலத்திலே தோப்பு மீண்டுந் துளிர்க்கும்.