பிறகு வா என்னும் சர்வர்

சுருளிப்பட்டியில் பன்னீர் திராட்சை வியாபாரம் செய்யும் அன்பர் ஒருவர், கேரளத்து மொத்த வியாபாரிகளுக்குத் தாம் அனுப்பும் விலைப்பட்டியல்களில் சில போய்ச் சேருவதும், சில ஸ்பாம் பெட்டியில் விழுந்து கிடப்பதும், சில போன இடமே தெரியாமல் மறைவதுமாக இருப்பதைச் சொல்லி, தம் அக்காள் மகனுடைய யோசனைப்படி கடை மாடியிலேயே சொந்தமாக ஒரு மின்னஞ்சல் சர்வரை நிறுவிவிட்டால் இந்தத் தொல்லை தீருமா என்று கேட்டு எழுதியிருக்கிறார். பந்தலிலிருந்து இறக்கிய பழம் நாள் தாங்காத சரக்காகையால், விலைப்பட்டியல் ஒரு நாள் பிந்தினால் என்ன நஷ்டம் என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கில் எவருக்கும் விஸ்தரிக்க வேண்டியதில்லை.

பையனுடைய உற்சாகம் பாராட்டத்தக்கதே. போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் என்னும் மென்பொருள்கள் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன; பழைய கம்ப்யூட்டர் ஒன்றே அவற்றுக்குப் போதும். ஆனால் சாதாரண இணைய இணைப்பின் ஐ.பி. முகவரி அவ்வப்போது மாறக்கூடியது, சர்வருக்குச் சர்வர் தபால் கைமாறுகிற 25ஆம் எண் போர்ட்டை இணைப்புத் தரும் கம்பெனிகள் பெரும்பாலும் அடைத்தே வைத்திருக்கின்றன, இன்ன ஐ.பி. முகவரி இன்ன பெயருக்கு உரியது என்று சாட்சி சொல்லும் தலைகீழ் டி.என்.எஸ். பதிவை நம் இஷ்டப்படி எழுதவும் அங்கே வழியில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து கூகிள் இந்தச் சாட்சியத்தையும், அனுப்புகிறவரின் அடையாளத்தை நிரூபிக்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். என்னும் ஏற்பாடுகள் இரண்டில் ஒன்றையேனும் ஜிமெயிலுக்கு எழுதுவோர் அனைவரிடமும் எதிர்பார்க்கிறது.

மின்வெட்டு வந்தால் வருகிற தபால் என்னவாகும் என்றும் அன்பர் அஞ்சுகிறார். அதற்கு அஞ்சவே வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதில்தான், இந்த ஏற்பாடு முழுவதிலும் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்த விசேஷம் அடங்கியிருக்கிறது. 1982இல் ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்ட எஸ்.எம்.டி.பி. விதிகளின்படி, தபாலை வாங்கும் சர்வர் ஒவ்வொரு பேச்சுக்கும் மூன்று இலக்க எண் ஒன்றைப் பதிலாகச் சொல்லும்: 2 என்று தொடங்கினால் சம்மதம், 5 என்று தொடங்கினால் முடிவான மறுப்பு, 4 என்று தொடங்கினால் ‘இப்போது இயலாது, பிறகு வா’. அந்த நான்கைக் கேட்ட சர்வர் கோபிப்பதில்லை. தபாலை வரிசையில் நிறுத்திவைத்து, இடைவெளி விட்டு விட்டு, நான்கைந்து நாள் வரையிலும் திரும்பத் திரும்ப வந்து கதவைத் தட்டுகிறது. எதிர்ப் பக்கம் ஆளரவமே இல்லாமல் இருண்டு கிடந்தாலும் அவ்விதமே செய்கிறது.

இந்தப் பொறுமையையே ஒரு பரீட்சையாக மாற்றலாம் என்னும் உபாயத்தை 2003இல் இவான் ஹாரிஸ் என்பவர் வெளியிட்டார். என் பாட்டனார், முதன்முறையாகக் கைமாற்றுக் கேட்டு வருகிறவர் யாராயிருந்தாலும், பெட்டியில் பணம் இருக்கும்போதே ‘நாளைக்கு வாருமய்யா’ என்று அனுப்பிவிடுவார். மெய்யான முடை உள்ளவன் மறுநாள் வருவான், ஏமாற்ற வந்தவன் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான் என்பது அவர் கணக்கு. ஹாரிஸின் உபாயமும் அதுவே. அனுப்பும் ஐ.பி. முகவரி, அனுப்புகிறவர், பெறுகிறவர் என்னும் மூன்றும் சேர்ந்து இதுவரை கண்டிராத புதிதாக இருந்தால், சர்வர் 451 என்று சொல்லித் திருப்பிவிட்டு, அந்த மூன்றையும் குறித்து வைத்துக்கொள்கிறது. சில நிமிஷங்கள் கழித்து அதே மூன்றும் வந்தால் ஏற்றுக்கொள்கிறது. லட்சக்கணக்கில் குப்பையைக் கொட்டும் அவசரக்காரர்கள் அக்காலத்தில் பெரும்பாலும் திரும்பி வரவில்லை. இப்போது அவர்களிலும் சிலர் பொறுமை கற்றுக்கொண்டுவிட்டார்கள். புதிய வியாபாரி ஒருவருக்கு எழுதிய முதல் தபால் மட்டும் தாமதித்து, அடுத்தவை உடனுக்குடன் போனால், காரணம் இதுவாக இருக்கலாம்.

நம்மவர்களோ, 5 என்னும் மறுப்போடு திரும்பி வந்த தபாலில் இங்கிலீஷைக் கண்டதும் படிக்காமலே அழித்துவிடுகிறார்கள்! வியாதியின் பெயர் அதிலேயே எழுதியிருக்கிறது. 5.1.1 என்றிருந்தால் அப்படியொரு விலாசமே இல்லை. எழுத்துப் பிழையைத் தேடுக. ஜிமெயிலிலிருந்து 5.7.26 என்று வந்தால் அனுப்பியவரின் அடையாளம் நிரூபணமாகவில்லை என்று பொருள். இந்த இரண்டாவதற்கு நான் அடிக்கடி காணும் காரணம், ஒரே டொமைனுக்கு இரண்டு எஸ்.பி.எஃப். வரிகள் இருப்பது: மின்னஞ்சலுக்கென்று ஒருவர் ஒன்றை எழுதுகிறார், பில் அனுப்பும் மென்பொருளுக்கென்று பின்னொருவர் மற்றொன்றைச் சேர்க்கிறார், விதிப்படி இரண்டுமே செல்லாமற் போகின்றன. இரண்டையும் ஒரே வரியாகச் சேர்த்து எழுதிவிட வேண்டும்.

கடை மாடியில் முன்சொன்ன இடையூறுகள் இருப்பதால், சர்வரை வாடகைக்கு எடுப்பதே உத்தமம். கூகிளோ, மைக்ரோசாப்டோ, தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் நம் ஜோஹோவோ, யாராயினும் சரி. ஆனால் டொமைன் பெயர் மட்டும் தங்களுடையதாக இருக்கட்டும். பல லட்சம் செலவிட்டுக் குளிர்பதனக் கிடங்கு கட்டுகிறவர், பெயர்ப்பலகையில் இலவச ஜிமெயில் விலாசத்தை எழுதுவதும், டொமைனை வெப்சைட் செய்துகொடுத்த பையன் பெயரிலேயே விட்டுவைத்து, அவன் சென்னைக்கோ துபாய்க்கோ போனபின் பாஸ்வேர்டுக்காகத் தவிப்பதும் எனக்கு விளங்காத உதாசீனம். நிலப்பத்திரத்தை அவ்விதம் விட்டுவைப்பாரா?

முதற்காரியமாக, டொமைனை விற்ற கம்பெனியின் கணக்கில் எந்த மின்னஞ்சல் விலாசம் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அதே டொமைனைச் சேர்ந்த விலாசமாக இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். கெடு தப்பி டொமைன் முடங்குகிற அன்று, பாஸ்வேர்டை மீட்டுத் தரும் தபாலும் அந்த முடங்கிய பெட்டிக்குத்தான் போகும்.