கூடு அடைய மறுக்கும் கோழி

கிராமத்தில் அந்திப் பொழுதைக் ‘கோழி அடையுற நேரம்’ என்பார்கள். யாரும் விரட்டாமலே, இருட்டுவதற்குள் கூட்டுக்குள் போய்விடுவது கோழியின் குணம். அப்படிப்பட்ட கோழி சில நாளாகக் கூட்டு வாசலில் தயங்கி நின்று, முருங்கை மரத்தில் ஏறிக்கொள்கிறதா? பாம்போ கீரியோ வந்து போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லையென்றால் கூட்டின் இடுக்குகளைப் பாருங்கள். அங்கே செல்லு குடியேறியிருக்கலாம்.

பகலில் கண்ணில் படாது

சில ஊர்களில் செல்லையும் கோழிப்பேன் என்றே சொல்கிறார்கள். ஆனால் பேன் வேறு, செல்லு வேறு. பேனுக்கு ஆறு கால். பிறந்ததிலிருந்து சாகும்வரை கோழியின் இறகுக்குள்ளேயே கிடக்கும். வளர்ந்த செல்லுக்கு எட்டுக் கால். உண்ணிக்கும் சிலந்திக்கும் உறவு. ஒரு மில்லிமீட்டர் அளவுகூட இராது. பட்டினியாக இருக்கும்போது சாம்பல் நிறம், ரத்தம் குடித்துவிட்டால் சிவப்பு.

செல்லு வகைகளில் பொல்லாதது ‘டெர்மனிசஸ் கேலினே’ என்ற சிவப்புச் செல்லு. பகல் முழுவதும் மரச்சட்டத்தின் பொருத்துகளிலும், செங்கல் வெடிப்புகளிலும், கூரை ஓலையின் மடிப்புகளிலும் ஒளிந்திருக்கும். இருட்டியதும் கோழிமேல் ஏறி ரத்தம் குடித்துவிட்டு, விடிவதற்குள் இடுக்குக்குத் திரும்பிவிடும். பகலில் கோழியைப் பிடித்து இறகை விலக்கிப் பார்த்துவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று விட்டுவிடுகிறோம். ஏமாறுவது இங்கேதான்.

வெயில் காலத்தில் இதன் முட்டை வளர்ந்த செல்லாக மாற ஏழு முதல் பத்து நாள் போதும். கோழி அடைகாப்பதோ 21 நாள். அந்த ஒரு அடைக்குள்ளேயே இரண்டு தலைமுறை பெருகிவிடும். எழுந்து நகராமல் கிடக்கும் அடைக்கோழியைவிட இதற்கு வசதியான தீனி வேறில்லை. பாதி அடையில் கோழி முட்டையை விட்டு எழுந்துவிட்டால், கண்பட்டுவிட்டது என்று வருந்துகிறோம். கூடையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

கொண்டை சொல்லும் சேதி

ரத்தம் குறையக் குறையக் கோழியின் கொண்டை வெளிறும். முட்டை குறையும். கோழி ஓயாமல் இறகைக் கொத்திக்கொண்டே இருக்கும். குஞ்சுகள் ரத்தசோகையால் செத்தே போகலாம்.

உறுதி செய்துகொள்ள எளிய வழி உண்டு. இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் விளக்கோடு போய், கோழி உட்காரும் கம்பின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் சிவப்புக் கறை படிந்தால் சந்தேகமே வேண்டாம்.

மருந்து கோழிக்கு மட்டும் போதாது

செல்லு குடியிருப்பது கூட்டில் என்பதால் வைத்தியமும் கூட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். கூட்டைப் பத்து நாள் காலியாகப் போட்டுவைத்தால் செத்துவிடும் என்று நினைக்காதீர்கள். குளிர்ந்த, ஈரமான இடுக்கில் ரத்தமே இல்லாமல் பல மாதம் தாக்குப்பிடிக்கும்.

வெயில் அடிக்கும் ஒரு நாளாகப் பார்த்து, காலையில் கோழிகளை வெளியே விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் வைக்கோல், எச்சம், பழைய சாக்கு எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துத் தொலைவில் கொளுத்துங்கள். கழற்ற முடிந்த கம்பு, பலகை, கூடை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி வெயிலில் காயப்போடுங்கள். சுவர் வெடிப்புகளைப் பூசி அடைத்துவிட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள். கூட்டுக்கு வருஷம் தவறாமல் வெள்ளையடிப்பது அழகுக்காக மட்டும் செய்யும் வேலை இல்லை. செல்லு ஒளியும் இடுக்குகள் அதில் அடைபடும்.

இத்தனையும் செய்துவிட்டு, பெரும்பாலோர் இதோடு நிறுத்திக்கொள்கிறோம். தப்பிய முட்டைகள் சில நாளில் பொரித்துவிடும். ஆகவே ஐந்தாறு நாள் கழித்து எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை செய்தாக வேண்டும். இரண்டாவது சுத்தம் இல்லாவிட்டால் முதல் சுத்தம் வீண்.

கோழிகளுக்கு நிழலில் ஒரு குழி வெட்டி, மணலும் விறகு அடுப்புச் சாம்பலும் கலந்து போடுங்கள். அவை தாமே புரண்டு குளித்துக்கொள்ளும். கோழியின் உடம்பிலேயே தங்கும் செல்லு வகையும் உண்டு. வாலடியில் இறகு கறுத்து அழுக்கேறிக் கிடந்தால் அதுதான். கால் செதில்கள் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாகத் தடித்திருந்தால், அது செதிலுக்கு அடியில் துளைக்கும் வேறொரு வகை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, மெல்லத் தேய்த்துத் துடைத்துவிட்டு, தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவி வரலாம். மண்ணெண்ணெய் தடவாதீர்கள், தோல் வெந்துவிடும்.

பயிர் மருந்து வேண்டாம்

வயலுக்கு அடித்தது போக மீதியிருக்கும் பூச்சிமருந்தைக் கூட்டில் தெளிப்பது பல வீடுகளில் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். 2017இல் ஐரோப்பாவில் இதே சிவப்புச் செல்லை ஒழிக்க நெதர்லாந்து, பெல்ஜியம் நாட்டுப் பண்ணைகளில் தெளித்த மருந்தில், அனுமதியில்லாத ஃபிப்ரோனில் கலந்திருந்தது. அது முட்டைக்குள்ளும் போய்ச் சேர்ந்தது. லட்சக்கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்று அழித்தார்கள். கூட்டில் தெளிப்பது கடைசியில் நம் குழந்தையின் தட்டுக்கு வரும். மருந்து தேவைப்பட்டால் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம்மையும் கடிக்கும்

கூடு வீட்டுச் சுவரை ஒட்டியிருந்தால், பசித்த செல்லு வீட்டுக்குள்ளும் வரும். கையிலும் இடுப்பிலும் சிறு சிவப்புத் தடிப்புகள் தோன்றி, இரவில் தாங்க முடியாமல் அரிக்கும். மனித உடம்பில் இது குடியேறிப் பெருகாது. ஆனால் சிரங்கு என்று எண்ணிக் களிம்பு தடவினால் அரிப்பு தீராது. கடிப்பது கூட்டிலிருந்து வந்துகொண்டே இருக்கும். துணிமணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். தோல் மருத்துவரிடம் போனால், அவர் கேட்காவிட்டாலும், வீட்டில் கோழி வளர்ப்பதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.