கண்ணுக்குள் ஒரு பொம்மை

கண் டாக்டர் டார்ச் அடித்துப் பார்க்கிற கறுப்புப் பொட்டுக்கு ஆங்கிலத்தில் 'பியூபில்' என்று பெயர். பள்ளி மாணவனுக்கும் அதே சொல்தான். இரண்டையும் சேர்த்து வைத்தது லத்தீன். அங்கே 'பூபா' என்றால் சிறுமி, பொம்மை. 'பூபில்லா' அதிலும் குட்டி. எதிரில் இருப்பவரின் கண்ணை நெருங்கிப் பார்த்தால், பார்க்கிறவரின் உருவம் அந்தக் கறுப்பில் மினியேச்சராகத் தெரியும். அதுதான் பொம்மை. பெற்றோரை இழந்து காப்பாளர் பொறுப்பில் வளரும் பிள்ளை 'பூபில்லஸ்'. பிற்பாடு அந்தப் பொறுப்பு ஆசிரியர் கைக்கு மாற, சொல் வகுப்பறைக்குள் வந்துவிட்டது.

கிரேக்கர்கள் கண்மணியை 'கோரே' என்றார்கள், அதுவும் சிறுமிதான். பிளேட்டோ பெயரில் வழங்கும் 'அல்கிபியாடிஸ்' உரையாடலில், தன்னை அறிவது பற்றிப் பேசும் சாக்ரடீஸ் இந்தக் குட்டி உருவத்தைத்தான் உதாரணம் காட்டுகிறார். சம்ஸ்கிருதத்தின் 'கனீனிகா'வும் அதே பொருள். நம் 'பாவை'யோ பொம்மை, பெண், கண்மணி மூன்றுக்கும் பொது. யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்று அடித்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் கட்சி. அடுத்தவர் கண்ணை உற்றுப் பார்த்த எல்லோருக்கும் அது தெரிந்திருக்கும்.

'விண்டோ'விலும் ஒரு கண் ஒளிந்திருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ஜன்னலுக்கு இருந்த பெயருக்குக் 'கண்துளை' என்று பொருள். பிறகு கடல் கடந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகள் தங்கள் 'விண்டவுகா'வையும் கொண்டுவந்தார்கள். 'விண்டர்' காற்று, 'அவுகா' கண். கண்ணாடி பதிக்காத வெறும் திறப்புக்குப் பொருத்தமான பெயர். கண்துளை வழக்கொழிந்தது. ஆனால் துளையைக் குறித்த பாதி மட்டும், மூக்குத் துவாரத்தைச் சொல்லும் 'நாஸ்ட்ரில்' என்ற சொல்லின் வாலாக இன்றும் பிழைத்திருக்கிறது.

ஜன்னலுக்குத் தமிழின் பழம்பெயர் காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. இளங்கோவடிகள் புகார் மாளிகைகளின் காலதருக்கு மான்கண்ணை அடைமொழியாகத் தருகிறார். காற்றும் கண்ணும் இங்கேயும் சேர்ந்தே வருகின்றன. அப்படிப்பட்ட சொல்லை விட்டுவிட்டுப் போர்த்துக்கீசியரின் 'ஜனேலா'வை ஜன்னலாக்கிக்கொண்டோம். போகட்டும்.

மருத்துவச் சொற்கள் இன்னும் சுற்றி வந்தவை. 'ரெட்டினா'வில் இருப்பது வலை. பண்டைய கிரேக்க மருத்துவர்கள் அந்தப் படலத்தை மீன்வலைக்கு ஒப்பிட்டார்கள். அரபு மருத்துவர்களும் வலை என்றே எழுதினார்கள். 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் டொலேடோவில் அரபு நூல்கள் லத்தீனுக்குப் போனபோது வலையும் கூடவே போனது. தமிழில் அதைத் திரையாக்கி 'விழித்திரை' என்கிறோம். பிம்பம் விழும் இடம் என்பதால் திரையே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. 'கார்னியா'வின் வேர் லத்தீன் கொம்பு. 'ஐரிஸ்' கிரேக்கரின் வானவில் தேவதை.

லத்தீனில் கண்ணைக் குறிக்கும் 'ஓக்குலஸ்' செடியின் மொட்டையும் குறிக்கும். ஒரு மரத்தின் மொட்டை இன்னொரு மரத்தில் ஒட்டுவதற்கு ஆங்கிலத் தோட்டக்காரர்கள் வைத்திருந்த சொல் 'இனாகுலேஷன்'. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெரியம்மைக் கொப்புளத்து நீரை நோயில்லாதவரின் தோலைக் கீறி உள்ளே வைக்கும் முறை இங்கிலாந்துக்கு வந்தபோது, அதற்கும் இந்தப் பெயரையே சூட்டினார்கள். 1796இல் எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மையைக் கொண்டு சோதனை செய்தார். அதன்பின் லத்தீன் பசுவான 'வாக்கா'விலிருந்து 'வேக்சினேஷன்' பிறந்து, கண்ணை ஓரங்கட்டியது. ஆனாலும் ஆய்வுக்கூடத்தில் வளர்தட்டில் கிருமியை வைப்பதற்கு இன்றும் இனாகுலேஷன் என்றுதான் பெயர்.