திருச்சி மலைக்கோட்டையை எங்கிருந்து காண்பது?

முழங்கால் வலியால் படியேற இயலாத என் தாயாரைப் போன்றோர்க்காகவே இதை எழுதுகிறேன். சுமார் 83 மீட்டர் உயரமுள்ள மலைக்கோட்டையை அடிவாரக் கடைவீதியில் நின்று அண்ணாந்தால் கழுத்துதான் வலிக்கும். மாடிக் கட்டடங்களும் மறைக்கும். உயரத்தைப்போல் இருமடங்கு தூரமாவது விலகி நின்றால் உச்சி 27 பாகைக் கோணத்திற்கு மேல் போகாது.

அவ்வாறு காணத் தெப்பக்குளத்தின் மேற்குக் கரையே சிறந்தது என்பேன். மாலை வெயில் பாறையின் முகத்தில் நேரே விழும். காற்றடங்கினால் நீருக்குள்ளும் ஒரு கோட்டை தெரியும்.

முழு உருவத்தையும் காண விரும்புவோர் வடக்கே காவிரிப் பாலத்திற்குச் செல்லலாம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், அங்கிருந்து நோக்கப் பாறை நிழலுருவாகவே தோன்றும். ஆனியில் சூரியன் வடக்கே நகர்ந்துவிடும். காலை வெயிலில் வடமுகம் துலங்கும். திருவரங்கத்திலிருந்து திரும்பும் பேருந்தில் இடப்பக்கச் சன்னலோரம் கிடைத்துவிட்டால் நடக்கவும் வேண்டாம்!